ஒரே பணத்தில் மூன்று டிவி: 75 இன்ச் சாதா எல்இடியா, 65 இன்ச் மினி எல்இடியா, 55 இன்ச் ஓஎல்இடியா?

சித்தப்பா மகன் திருச்சியில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு போன் செய்தான். "அண்ணே, மூணு டிவி பார்த்து வச்சிருக்கேன். 75 இன்ச் ஒண்ணு, 65 ஒண்ணு, 55 ஒண்ணு. மூணுமே லட்சத்தை ஒட்டித்தான் வருது. எதை எடுக்கட்டும்?"

சோபாவிலிருந்து சுவர் எத்தனை அடி என்று கேட்டேன். தெரியவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம்? யோசித்தான். சித்தி எங்கே உட்கார்ந்து சீரியல் பார்ப்பார்? செட்டாப் பாக்ஸ் ஹெச்டியா, சாதாவா? "அதெல்லாம் எதுக்குண்ணே, எதுல படம் நல்லா இருக்கும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அன்றைக்கு எதையும் வாங்காமல் வீட்டுக்குப் போய் அளந்துவிட்டு வரச் சொன்னேன்.

இந்தக் குழப்பம் இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. 43 வாங்க நினைத்தவர்கள் 55 பார்க்கிறார்கள், 55 நினைத்தவர்கள் இன்னும் மேலே பார்க்கிறார்கள். பணம் ஒன்றுதான். அதைப் பெரிய திரைக்குக் கொடுப்பதா, நல்ல திரைக்குக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. என் பதில் இது: டிவியைக் கடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் ஹாலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## முதலில் ஹாலை அளங்கள்

தூரம். ஒரு எளிய கணக்கு உண்டு. திரையின் இன்ச் அளவை 1.6-ஆல் பெருக்கினால், சினிமா பார்ப்பதற்கு வசதியான தூரம் இன்ச்சில் வரும். 55-க்கு 88 இன்ச், அதாவது ஏழேகால் அடி. 65-க்கு 104 இன்ச், கிட்டத்தட்ட எட்டே முக்கால் அடி. 75-க்கு சரியாக 120 இன்ச், பத்து அடி. சுவருக்குச் சுவர் அளக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து திரை வரைக்கும் அளங்கள். பன்னிரண்டு அடி ஹாலில் சோபாவும் டிவி மேஜையும் எடுத்துக்கொண்டது போக, மிஞ்சுவது ஒன்பது அடிதான்.

எண்களை நம்ப முடியாவிட்டால் பழைய செய்தித்தாள்களைச் செலோ டேப்பால் ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். 55 இன்ச் திரை 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். 65 என்றால் 144-க்கு 81. 75 என்றால் 166-க்கு 93, அதாவது ஆறுக்கு மூன்றடி ஒற்றைக் கட்டிலைப் பக்கவாட்டில் நிமிர்த்திச் சுவரில் சாய்த்தது போல. இரண்டு நாள் அந்தக் காகிதம் சுவரிலேயே இருக்கட்டும். வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள்.

வெளிச்சம். டிவிக்கு எதிரே ஜன்னலோ வாசலோ இருக்கிறதா? நம் வீடுகளில் வாசற்கதவு பகல் முழுக்கத் திறந்தே இருக்கும். அந்த வெளிச்சம் திரையில் விழும்.

என்ன ஓடப்போகிறது. நான் அதிகம் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். சாதா கேபிள் பாக்ஸில் வரும் படம் அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக 20 மடங்கு. அதாவது வருகிற ஒவ்வொரு புள்ளியையும் வைத்து டிவி 20 புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். மிச்சம் 19-ஐயும் அது ஊகித்துத்தான் போடுகிறது. திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகம் கண்ணில் படும். முகங்கள் மெழுகு பூசியது போல இருக்கும், எழுத்தின் ஓரங்கள் அலையும்.

யார் எங்கிருந்து பார்க்கிறார்கள். எல்லோரும் நேர் எதிரே சோபாவில் உட்கார்வது விளம்பரத்தில்தான். ஒருவர் சமையலறை வாசலில் காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார், பிள்ளைகள் தரையில் பாயில் கிடப்பார்கள், தாத்தா ஈஸிசேரில் ஓரமாக இருப்பார்.

யார் எப்படி அணைக்கிறார்கள். ரிமோட்டிலா, சுவர் போர்டிலா? சின்ன விஷயம் போலத் தோன்றும். ஓஎல்இடி வாங்குகிறவருக்கு இது பெரிய விஷயம்.

## 75 இன்ச் சாதா எல்இடி

எல்சிடி திரைக்குப் பின்னால் எல்இடி விளக்குகள் வரிசையாக எரியும். எல்லா விளக்கும் ஒன்றாகவே கூடும், ஒன்றாகவே குறையும். அதனால் இருட்டுக் காட்சியில் கருப்பு கருப்பாக இருக்காது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்.

இதன் பலம் அளவுதான். 55 இன்ச்சை விடப் பரப்பில் ஏறத்தாழ 1.86 மடங்கு. கூட்டுக் குடும்பம், பெரிய ஹால், ஐபிஎல் சமயத்தில் பதினைந்து பேர் கூடும் வீடு என்றால் அந்த அளவுக்கு வேறு எதுவும் ஈடாகாது. ஸ்கோர் எழுத்தைப் பின்வரிசையிலிருந்தும் படிக்கலாம்.

ஆனால் பணம் பெரும்பகுதி அளவுக்கே போய்விடுவதால் மற்றதில் கை வைத்திருப்பார்கள். மலிவான பெரிய திரைகளில் பின்விளக்கு ஒரே சீராக இருக்காது. கேமரா பந்தோடு பவுண்டரி வரை ஓடும்போது பச்சை மைதானத்தின் மேல் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி திட்டுகள் நிற்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு ஓவரிலும் தெரியும். வாங்கும் முன் கடையிலேயே முழுத்திரைக்கும் ஒரே சாம்பல் நிறம் வரும் வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்: திரை மட்டும் 30 கிலோவைச் சுற்றி இருக்கும், பெட்டி ஆறடி நீளம். இதைப் படுக்க வைத்துக் கொண்டுவரக்கூடாது, நிமிர்த்தியேதான் கொண்டுவர வேண்டும். சின்ன அபார்ட்மெண்ட் லிஃப்ட்டில் நுழையாது, மாடிப்படி வளைவில் திரும்புமா என்று அளந்து பார்க்க வேண்டும். மின்சாரமும் கூடும். 200 வாட் இழுக்கும் டிவி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் முக்கால்வாசி இதற்கே சரி.

ஒரு நல்ல விஷயம், ரிப்பேர். எங்கள் வீட்டுப் பழைய 55 இன்ச் எல்இடி நாலாவது வருஷம் ஒருநாள் சத்தம் மட்டும் வந்து படம் இல்லாமல் போனது. இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் திரையில் படம் மங்கலாக ஓடுவது தெரிந்தது. பின்விளக்குப் பட்டையில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். தெருமுனை மெக்கானிக் பட்டைகளை மாற்றினார், டிவி இன்னும் ஓடுகிறது. காரணத்தையும் அவரே சொன்னார்: வாங்கிய நாளிலிருந்து பின்விளக்கு நூற்றுக்கு நூறில் இருந்திருக்கிறது. அறுபது, எழுபதில் வைத்திருந்தால் பட்டைகள் சூடாகாமல் இன்னும் நாள் உழைத்திருக்கும். எந்த எல்இடி டிவிக்கும் இது பொருந்தும்.

எடுக்கலாம்: பத்தடிக்கு மேல் தூரம், ஹெச்டி பாக்ஸ் அல்லது ஓடிடி, விளையாட்டுதான் முக்கியம்.
வேண்டாம்: சாதா கேபிள் பாக்ஸிலேயே தொடரப்போகிறீர்கள் என்றால்.

## 65 இன்ச் மினி எல்இடி

இதுவும் எல்சிடிதான். ஆனால் பின்னால் இருக்கும் விளக்குகள் மிகச் சிறியவை, ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மங்கச் செய்யலாம். திரையின் ஒரு மூலையில் நிலா, மற்ற இடமெல்லாம் இரவு என்றால், நிலாவுக்குப் பின்னால் உள்ள விளக்கு மட்டும் பளிச்சென்று எரியும்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். க்யூஎல்இடி என்பது ஓஎல்இடிக்குத் தம்பி இல்லை. சாம்சங் 2017-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்தப் பெயரை இப்போது பல கம்பெனிகள் போடுகின்றன. குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலத்தால் நிறத்தைக் கூட்டிய எல்சிடி, அவ்வளவுதான். அந்தத் துகள்களைக் கண்டுபிடித்து உருவாக்கிய மூவருக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, அதனால் நிறம் நன்றாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. கருப்பு நன்றாக இருக்குமா என்பது பின்விளக்கைப் பொறுத்தது. ஆகவே பெட்டியில் க்யூஎல்இடி என்று மட்டும் போட்டிருந்தால் பின்விளக்கு எத்தனை பகுதி என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லாவிட்டால் அது சாதா எல்இடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பகல் வெளிச்சத்தில் இந்த மூன்றில் இதுதான் முதல். வாசற்கதவு திறந்திருந்தாலும் படம் வெளிறாது. நாளெல்லாம் செய்தி சேனல் ஓடினாலும் திரையில் தடம் விழுமோ என்ற பயம் இல்லை.

குறை இரண்டு. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் மெல்லிய ஒளிவட்டம் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு சப்டைட்டிலோடு மலையாளப் படம் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும். பகுதிகள் அதிகமாக அதிகமாக ஒளிவட்டம் குறையும். இரண்டாவது, பக்கவாட்டுப் பார்வை. இவற்றில் பெரும்பாலானவை விஏ வகைத் திரை. நேரே பார்த்தால் கருப்பு ஆழமாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். கடையில் நேரே நின்று பார்த்ததோடு விடாமல், சமையலறை வாசல் எவ்வளவு பக்கவாட்டில் இருக்கிறதோ அவ்வளவு நகர்ந்து நின்று பாருங்கள்.

எடுக்கலாம்: எட்டு முதல் பத்தடி, பகலிலும் இரவிலும் பார்க்கும் வீடு, எல்லாவிதமான நிகழ்ச்சியும் ஓடும் என்றால்.
வேண்டாம்: பாதிப்பேர் ஓரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள், டிவியைத் திருப்பி வைக்கவும் வழியில்லை என்றால்.

## 55 இன்ச் ஓஎல்இடி

இதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கருப்பு என்றால் அந்த இடத்தில் ஒளியே இல்லை. இருட்டு அறையில் இதில் ஒரு இரவுக் காட்சியைப் பார்த்தவருக்கு மற்றதெல்லாம் புகை படிந்த மாதிரி தெரியும். ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. படத்தின் தரம் என்று மட்டும் பேசினால் இதற்கே என் ஓட்டு.

ஆனால் இந்தத் திரையின் புள்ளிகள் உழைத்துத் தேய்பவை. ஒரே இடத்தில் ஒரே உருவம் ஆண்டுக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து தடம் விழுந்துவிடும். நண்பர் வீட்டில் அவருடைய அப்பா ஓய்வு பெற்றபின் காலை ஆறு மணிக்கே செய்தி சேனலைப் போட்டுவிடுவார். கீழே சிவப்புப் பட்டை, அதில் ஓடும் எழுத்து, மூலையில் சேனல் சின்னம். மூன்றாவது வருஷம் முழுத்திரையும் ஒரே நிறமாக இருக்கும் காட்சி வரும்போதெல்லாம் அந்தப் பட்டை இருந்த இடம் மங்கிய கோடாகத் தெரிந்தது. வாரண்டியில் இதைச் சேர்க்க மாட்டோம் என்று சர்வீஸில் சொல்லிவிட்டார்கள். நம் செய்தி சேனல்களில் திரையின் கால்வாசி இடம் அசையாத பட்டைகள்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்த டிவியை நான் சொல்லவே மாட்டேன்.

அடுத்தது போர்டு சுவிட்ச். "ராத்திரி எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டுப் படு" என்பது நம் அம்மாக்கள் சொல்லி வளர்த்த பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஓஎல்இடி டிவியோ, ரிமோட்டில் அணைத்த பிறகு தன் புள்ளிகளைச் சரிபார்த்துச் சமன் செய்யும் வேலையைத் தானே செய்துகொள்ளும். சில மணி நேரம் ஓடியபின் ஒவ்வொரு முறையும் அதற்குச் சில நிமிடம் வேண்டும். போர்டில் அணைத்தால் அந்த வேலை நடக்காது, தேய்மானம் சமனாகாமல் சேர்ந்துகொண்டே போகும். டிவி சுவிட்ச்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி "அணைக்க வேண்டாம்" என்று எழுதி வையுங்கள். இடி மின்னல் நேரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அப்போது பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

பகல் வெளிச்சமும் இதற்கு ஒத்துவராது. முழுத்திரையும் பிரகாசமாக இருக்கும் காட்சியில், பகல் கிரிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள், திரை தன்னைத்தானே கொஞ்சம் மங்கச் செய்துகொள்ளும். திரை உடைந்தாலோ பழுதானாலோ தெருமுனை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. முழுத்திரையையும் மாற்ற வேண்டும், அதன் விலை புது டிவியின் விலையில் பெரும்பகுதி.

எடுக்கலாம்: ஏழடியைச் சுற்றிய தூரம், இரவில் படமும் தொடரும் பார்ப்பவர்கள், திரைச்சீலை போட்ட அறை.
வேண்டாம்: செய்தி சேனல் நாளெல்லாம் ஓடும் வீடு, வாசலுக்கு நேரெதிரே டிவி வைக்கும் வீடு.

## ஒரே பார்வையில்

| | 75 சாதா எல்இடி | 65 மினி எல்இடி | 55 ஓஎல்இடி |
|---|---|---|---|
| வசதியான தூரம் | 10 அடி | எட்டே முக்கால் அடி | ஏழேகால் அடி |
| பகல் வெளிச்சம் | பரவாயில்லை | மிக நன்று | சுமார் |
| இருட்டில் கருப்பு | சாம்பல் | நன்று, ஒளிவட்டம் உண்டு | முழுக் கருப்பு |
| ஓரத்திலிருந்து | திரை வகையைப் பொறுத்து | வெளுக்கும் | மாறாது |
| சாதா கேபிள் படம் | மோசம் | சுமார் | தாங்கலாம் |
| நாளெல்லாம் செய்தி | பயமில்லை | பயமில்லை | தடம் விழும் |
| ரிப்பேர் | வெளியிலேயே முடியும் | கொஞ்சம் கடினம் | திரையையே மாற்ற வேண்டும் |

## பில்லில் வராத செலவுகள்

எதை எடுத்தாலும் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். ஹெச்டி பாக்ஸும் ஹெச்டி சேனல் பேக்கும் முதலில். கேபிள்காரர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று வயரைச் சொருகிவிட்டுப் போனால் விடாதீர்கள், ஹெச்டிஎம்ஐ வயரில் மாட்டச் சொல்லுங்கள். ஹெச்டி பாக்ஸை அந்த மூன்று வயரில் மாட்டினால் வருவது பழைய படம்தான். நெட்ஃப்ளிக்ஸில் 4கே வேண்டுமென்றால் மேல்மட்டப் பிளான்தான் எடுக்க வேண்டும், அதையும் மாதக் கணக்கில் சேருங்கள்.

சத்தம் அடுத்தது. திரை மெலிந்ததும் ஸ்பீக்கரும் மெலிந்துவிட்டது, வசனம் தெளிவாகக் கேட்காது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு நல்ல சவுண்ட்பார் பத்து இன்ச் கூடுதல் திரையை விட உபயோகம்.

மின் பாதுகாப்பில் நான் சிக்கனம் பார்க்க மாட்டேன். இன்றைய டிவிகள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதனால் ஸ்டெபிலைசர் பலருக்குத் தேவைப்படாது. ஆபத்து திடீர் எழுச்சியில் இருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் 400 வோல்ட் வரை வீட்டுக்குள் வந்துவிடும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, வோல்டேஜ் கூடினால் தானே துண்டிக்கும் கருவியை மெயின் போர்டில் போட்டுக்கொள்ளுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சுவரும் முக்கியம். செங்கல் சுவர் தாங்கும். வெள்ளையாக, லேசாக இருக்கும் ஏஏசி பிளாக் சுவர் என்றால் அதற்கென்று உள்ள ஆங்கர்தான் போட வேண்டும். மாட்ட வருபவர் கொண்டுவரும் சாதா பிளாஸ்டிக் பிளக் நாளடைவில் தளர்ந்துவிடும். உயரமும் கவனம்: உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குத் திரையின் நடுப்பகுதி நேராக வர வேண்டும். தரையில் பாய் போட்டுப் பார்க்கும் வீட்டில் இன்னும் கீழே. நம் வீடுகளில் பெரும்பாலும் சாமி படம் மாட்டும் உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்கிறோம்.

இன்னொன்று, ஆயுத பூஜை. பழைய பெட்டி டிவிக்கு அகலமான சட்டம் இருந்தது, அதில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். இன்றைய டிவிக்குச் சட்டமே இல்லை, பொட்டு நேராகத் திரையில் விழுகிறது. காய்ந்த சந்தனத்தை மறுநாள் ஈரத்துணியால் தேய்க்கும்போது கீறல் விழுகிறது. ஸ்டாண்டின் காலில் வையுங்கள். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தையும் திரைமேல் அடிக்காதீர்கள், மேற்பூச்சு போய்விடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். பின்பக்கத் துவாரங்களில் பல்லியும் எறும்பும் புகுந்து போர்டு எரிந்தால் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்காது. மாதம் ஒருமுறை பிரஷால் பின்பக்கத்தைத் தட்டிவிடுங்கள்.

## சித்தப்பா மகன் என்ன செய்தான்

மறுநாள் அளந்து சொன்னான்: ஒன்பதரை அடி. மேற்குப் பார்த்த ஜன்னல், சாயங்காலம் நேராக டிவியில் வெயில். பாக்ஸ் சாதா. சித்தப்பாவுக்குச் செய்தி, சித்திக்கு சீரியல், அவனுக்குக் கிரிக்கெட். செய்தியும் வெயிலும் சேர்ந்ததால் ஓஎல்இடியை முதலிலேயே விட்டோம். ஒன்பதரை அடி 75-க்குக் கொஞ்சம் குறைவு, சாதா பாக்ஸ் அதை இன்னும் கெடுக்கும். 65 மினி எல்இடி என்று முடிவானது.

சித்தி சமையலறை வாசலில் உட்கார்வதுதான் மிச்சப் பிரச்சினை. அதனால் டிவியைச் சுவரில் அறையாமல் மேஜையிலேயே வைத்து, அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தோம். பெட்டியைப் பிரிக்கும்போது கொண்டுவந்தவரை நிற்கச் சொல்லி, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்பு என்று முழுத்திரையாக ஓடவிட்டு ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தான். கடையிலிருந்து வந்தபோது 'விவிட்' மோடில் இருந்ததை சினிமா மோடுக்கு மாற்றி, பின்விளக்கை அறுபத்தைந்தில் வைத்தான். அதே வாரம் ஹெச்டி பாக்ஸும் வந்தது. சித்தி முதல் நாள் சீரியலைப் பார்த்துவிட்டு, கதாநாயகியின் புடவை பச்சை இல்லை, மயில்கழுத்து நிறம் என்று கண்டுபிடித்திருக்கிறார்.